ஒரு துடிப்பும் அடுத்த துடிப்பும்

எங்கள் கல்லூரியில் ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிடுவோம். விடுமுறைக்கு முந்தின நாள் மதியமே தரையைக் கழுவி, லேத்துக்கும் வெல்டிங் மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்துவிட்டு மெயின் சுவிட்சை இறக்குவோம். விடுமுறை முடிந்து திறக்கிற காலையில் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் ஏற்றுவோம். வருடம் முழுக்க உழைத்த பொருள் ஓய்வெடுக்கட்டும் என்பது ஒரு காரணம். ஆள் இல்லாத நாளில் எதுவும் சூடாகித் தீப்பிடித்துவிடக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டில் எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படித்தான்.

கம்ப்யூட்டர் லேபில் அந்த சுவிட்சை இறக்குகிற வேலை என்னுடையது. அட்டெண்டர் என்று பெயர். பூதலூரிலிருந்து காலை ரயிலில் தஞ்சாவூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போவேன். லேபைத் திறப்பேன், கூட்டுவேன், ஏசி ஓடுகிறதா என்று பார்ப்பேன், சாயங்காலம் பூட்டுவேன். லேபுக்கு உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை உண்டு. பீரோ உயரத்துக்கு அடுக்கி வைத்த பெரிய கம்ப்யூட்டர்கள் அங்கே இருக்கின்றன. அந்த அறை எப்போதும் குளிராக இருக்க வேண்டும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, அந்தக் குளிரைக் காப்பாற்றுவதுதான் அங்கே முக்கியமான வேலை.

அந்த வருடம் அந்த அறையில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நிஜ ரத்தம் இல்லை. ஆராய்ச்சி மாணவி ஒருத்தர் கணக்கில் ஓட்டிய ரத்தம்.

அவர் நாகப்பட்டினம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு. முதல் நாளே என்னை அண்ணே என்று கூப்பிட்டார். நான் மேடம் என்றேன். "மேடம்னா எங்க அக்கா சிரிக்கும்ணே, வேணாம்" என்றார். அதற்குப் பிறகு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிடாமலே பேசிப் பழகிவிட்டேன். எதிரில் போய் நின்றால் அவரே நிமிர்ந்து பார்ப்பார்.

ஒரு நாள் டீ கொண்டுபோய் வைத்தபோது திரையில் ஒரு படம் இருந்தது. நீளமான குழாய், நடுவில் மட்டும் குறுகல். குழாய் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தது. அகலமான இடத்தில் பெரிய கட்டங்கள், குறுகலில் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிக் கட்டங்கள். பங்காளிகள் பாகம் பிரித்த நிலத்தின் அளவைப் படம் மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இது கொழுப்பு அடைத்த ரத்தக் குழாய் என்றார்.

"ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கும்ணே. எனக்கு எவ்வளவு தள்ளுற, நான் உனக்கு எவ்வளவு தள்ளணும்னு. எல்லாக் கட்டமும் கேட்டு முடிச்சா ரத்தம் துளியூண்டு நகரும். மறுபடி முதல்லேருந்து கேட்கும்."

வயலுக்கு வயல் மடை வைத்துத் தண்ணீர் பாய்கிற ஊரில் பிறந்தவனுக்கு அது புரிந்தது.

"தண்ணி மாதிரித்தானே?" என்றேன்.

"தண்ணியா இருந்தா நான் எப்பவோ முடிச்சிருப்பேன். தண்ணிய மெதுவா கலக்குனாலும் வேகமா கலக்குனாலும் அது ஒரே மாதிரிதான். ரத்தம் சும்மா இருந்தா தடிக்கும், ஓட்டுனா இளகும். ஓட்டம் கம்மியா இருந்தா உள்ள இருக்கிற சிவப்பணுவெல்லாம் அப்பளக் கட்டு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கும். வேகமா தள்ளுனா கட்டு பிரிஞ்சிடும்."

"தோசை மாவு அப்படித்தான்" என்றேன். என் மனைவி வீட்டில் இரண்டு கிரைண்டர் வைத்து மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். வைத்த இடத்தில் கெட்டியாக நிற்கிற மாவு, கரண்டியை விட்டு நாலு சுற்று சுற்றினால் இளகிவிடும்.

"கிட்டத்தட்ட. ஆனா ரத்தத்துல இன்னொரு வம்பு இருக்கு. இழுத்து விட்டா ரப்பர் மாதிரி கொஞ்சம் பின்வாங்கும். கொஞ்ச முன்னாடி அதை எப்படி நசுக்குனாங்க, எப்படி இழுத்தாங்கன்னு அதுக்கு ஞாபகம் இருக்கும். நிறைய பேர் கணக்குப் போடுறப்ப அந்த ஞாபகத்தை விட்டுடுவாங்க. நான் சேர்த்திருக்கேன். அதான் ஓட மாட்டேங்குது."

உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலியா, அதனால்தான் இந்தப் படிப்பா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லண்ணே. கணக்கு நல்லா இருந்துச்சு" என்றார்.

அது ஓட மாட்டேன் என்று அடம்பிடித்ததை நானும் பார்த்தேன். குறுகலைத் தாண்டியதும் ஏதோ ஒரு பொடிக் கட்டத்தில் கணக்கு தப்பும். அது பக்கத்துக் கட்டத்தைக் கெடுக்கும். கொஞ்ச நேரத்தில் எல்லா எண்களும் தாறுமாறாக ஏறி, கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். "வெடிச்சிடுச்சுண்ணே" என்பார். முதல் தடவை கேட்டபோது நான் பிளக்கைப் போய்த் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் அந்த வார்த்தை பழகிவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் அவர் முகத்தைப் பார்த்தே வெடித்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

புரட்டாசி பிறந்த பிறகு ஒருவழியாக வெடிக்காமல் ஓட ஆரம்பித்தது. ஆனால் மெதுவாக. இதயம் ஒரு தரம் துடிக்கிற நேரத்தில் ரத்தம் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டு முடிக்க, அந்தப் பீரோ நிறைய கம்ப்யூட்டர்களுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆனது. ஒரு துடிப்பு மட்டும் போதாது. முதல் துடிப்பில் ரத்தத்துக்குப் பழைய ஞாபகம் ஏதும் இல்லை. இரண்டாவதில் கொஞ்சம் இருக்கும். இப்படிப் போய்ப் போய், ஒரு துடிப்பும் அடுத்த துடிப்பும் அச்சு அசலாக ஒன்றாக வர வேண்டும். வந்தால்தான் அந்தக் குறுகலுக்குப் பின்னால் ரத்தம் எங்கே சுழல்கிறது, எங்கே தேங்குகிறது என்று நம்பிச் சொல்ல முடியும். அதைச் சொன்னால்தான் அவருடைய ஆராய்ச்சிப் புத்தகம் முடியும். மாதக் கடைசிக்குள் அவர் புத்தகத்தைக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே தவணை நீட்டி வாங்கியாகிவிட்டது. இனி நீட்ட மாட்டார்கள்.

அந்த மாதத்தின் நடுவில்தான் ஆயுத பூஜை வந்தது.

"நிறுத்திட்டு, விட்ட இடத்துலேருந்து ஓட்ட முடியாதா?" என்று கேட்டேன்.

"என் தப்புண்ணே. எந்த இடத்துல என்ன வேகம், என்ன அழுத்தம்னு அப்பப்ப எழுதி வைக்கச் சொல்லியிருக்கேன். ரத்தத்தோட ஞாபகம்னு சொன்னேனே, அந்த இழுவிசைய எழுதி வைக்கச் சொல்ல மறந்துட்டேன். ஓட ஆரம்பிச்ச பிறகுதான் பார்த்தேன். இப்ப நிறுத்திட்டு மறுபடி ஓட்டுனா எங்க எவ்வளவு வேகம்னு தெரியும். பழசு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. முதல் துடிப்புலேருந்து வரணும். அதுக்கு நாள் இல்ல."

அவருடைய கைடு வெளிநாட்டில் இருந்தார். துறைத் தலைவரிடம் இவரே போய்க் கேட்டிருக்கிறார். விடுமுறையில் எதுவும் ஓடக் கூடாது, அது எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டாராம். விடுதியும் மூடுகிறார்கள், ஊருக்குப் போயாக வேண்டும். வெளியிலிருந்து இந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்கவும் வழி இல்லை.

"எங்க அப்பா போட்டுக்கும் மாலை போடுவாரு. அதுக்காக நடுக்கடல்ல ஓடுற போட்டை நிறுத்தியா போடுவாங்க?" என்றார். அப்புறம், "எத்தனை மணிக்குண்ணே இறக்குவீங்க?" என்று கேட்டார். நாலு மணி என்றேன். தலையை ஆட்டிவிட்டு, பையில் துணிகளை அடுக்கப் போய்விட்டார். என்னிடம் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னால் ஆகாது என்று சொல்லியிருப்பேன். கேட்காததால் அது என் நெஞ்சிலேயே நின்றது.

மூன்று மணிக்குத் துறைத் தலைவரின் அறைவாசலில் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. எதிர்த்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

"என்னப்பா, பொரி வந்தாச்சா?"

"வந்தாச்சு சார்."

"பூசணிக்காய்?"

"அதுவும் வந்தாச்சு சார்."

"அப்புறம் என்ன?"

"உள் ரூமை மட்டும்" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பொண்ணு அனுப்புச்சா?"

"இல்ல சார். நானா வந்தேன்."

"ஓடுனா ஏசி ஓடணும். ஏசி ஓடுனா ஆள் இருக்கணும். யாரு இருப்பா?"

"பகல்ல நான் இருக்கேன் சார். ராத்திரிக்கு வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டேன்." வாட்ச்மேனிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"உன் வீட்ல பூஜை இல்லையா?"

"வீட்ல பார்த்துக்குவாங்க சார்."

"பூஜை போடாம ஒரு ரூமை விட முடியாதுப்பா. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா அதைத்தான் சொல்லுவாங்க."

"போடலாம் சார். ஓடுறப்பவே பொட்டு வச்சிடுறேன். மினி பஸ்ஸெல்லாம் மாலையோட ஓடுது சார்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். "நீ இவ்வளவு பேசி நான் கேட்டதில்லைய்யா" என்றார். பிறகு, சந்தனம் ஈரமாக எதன் மேலும் வழியக் கூடாது, கற்பூரத்தை அந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, ஏதாவது ஒன்று என்றால் உடனே தனக்கு போன் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நாலு மணிக்கு மெயினை இறக்காமல், உள் அறையை விட்டுவிட்டு மற்ற சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். பீரோவின் கதவில் மட்டும் பொட்டு வைத்தேன். அந்தப் பெண் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி என்று ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் நான் பொரி கொடுக்கப் போய்விட்டேன்.

வீட்டில் என் மனைவி சும்மா விடவில்லை. "ரெண்டு கிரைண்டருக்குப் பொட்டு வைக்க இங்க ஆள் இல்ல. காலேஜ் மிஷினுக்குக் காவலாம்" என்றாள். காலையில் சுண்டலைத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

பூஜையன்று கல்லூரியில் ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே விசிறிகள் இரைந்தன. ஒரு திரையில் எண்கள் வரிசை வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று கூட எனக்குப் புரியாது. ஏறுவது நின்றால் கெடுதி என்பது மட்டும் தெரியும். கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். நான் உட்கார்ந்த பிறகு எனக்கு எத்தனையோ தரம் துடித்திருக்கும். உள்ளே அந்த ஒரு துடிப்பு இன்னும் பாதி கூடப் போயிருக்காது. நான் ஒன்றும் செய்யாமல் எனக்குள் நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு இத்தனை கம்ப்யூட்டரும் இத்தனை குளிரும் வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன். என் அண்ணனுக்கு ரத்தம் இளக மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதை அவர் தினமும் மறப்பார், அண்ணி தினமும் ஞாபகப்படுத்துவார். ரத்தத்துக்கே ஞாபகம் உண்டு என்று அவர்களிடம் சொன்னால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஏசி நின்றது.

கரண்ட் போய்விட்டது. விசிறிகள் ஓடின, யு.பி.எஸ். தாங்கிப் பிடித்தது. அது அரை மணி நேரம் நிற்கும். அதற்குள் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பிவிடும், எப்போதும் அப்படித்தான். காத்திருந்தேன். யு.பி.எஸ். விட்டு விட்டுக் கத்தியது. ஜெனரேட்டர் சத்தம் கேட்கவில்லை.

பின்பக்கக் கொட்டகைக்கு ஓடினேன். ஜெனரேட்டர் மேல் வாழைக்கன்று கட்டி, குறுக்கே மாலை போட்டிருந்தது. மூடியின் மேல் தலைவாழை இலையில் பொரி, கடலை, வெல்லம், பழம். கீழே பலகையில் ஸ்பானர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பொட்டு. பக்கத்துப் பெட்டியில் தானாகக் கிளம்பும் சுவிட்சைத் திருப்பி அணைத்து வைத்திருந்தார் ஆபரேட்டர். படைத்த இலையோடு அது திடீரென்று உறுமிவிடக் கூடாதே என்று அணைத்திருக்கிறார். சாவியும் இல்லை.

அவருக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. வாட்ச்மேனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் ஊழியர் குடியிருப்புக்கு மிதித்தேன். ஆபரேட்டர் என் வயதுக்காரர், வாய் ஓயாதவர். வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, பாய் விரித்து, அப்போதுதான் கால் நீட்டியிருந்தார். சாமிப் படத்துக்கு முன்னால் மிக்சி, அரிவாள்மணை, தையல் மிஷினின் தலை, அவற்றோடு பொட்டு வைத்த செல்போனும் இருந்தது. அதுதான் அடித்திருக்கிறது.

"கரண்ட் போயிடுச்சு" என்றேன்.

"போவட்டும்யா. அதுக்கும் இன்னைக்கு லீவு."

"ஜெனரேட்டர் போடணும்."

"பூஜை போட்டதை எப்படிய்யா எடுக்கிறது? நாளைக்குக் காலைல மறுபடி கற்பூரம் காட்டிட்டுத்தான். தெரியாதவன் மாதிரி கேக்குற?"

"உள்ள ஓடுது."

"என்ன ஓடுது?"

"ரத்தம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. கணக்குல."

"போய்யா" என்று மறுபடி சாய்ந்துவிட்டார். "நான் ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

அவர் படுத்திருக்கிறார், நான் நிற்கிறேன். அங்கே யு.பி.எஸ். கத்துவது இங்கே கேட்காது, ஆனால் எனக்குக் கேட்டது. அவர் கண்ணை மூடினார். திறந்தார். நான் அங்கேயே நின்றேன்.

உள்ளிருந்து அவர் மனைவி வந்தார். "என்னங்க, அவுரு எவ்வளவு நேரம் நிப்பாரு? ஆஸ்பத்திரியில வேலை பார்த்தா இன்னைக்கு ஜெனரேட்டர் போட மாட்டீங்களா?"

"ஆஸ்பத்திரின்னா வேற."

"அந்தப் பொண்ணு படிப்பு போயிடும்" என்றேன். அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவருக்கும் அந்தப் பெண்ணைத் தெரியும். ஊரிலிருந்து நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தால் எங்கள் இருவருக்கும் கொடுப்பார்.

"நெத்திலிப் பொண்ணா?" அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "எழவு, இப்படி வாயை மூடிக்கிட்டு தலைமாட்டுல நின்னா எனக்கு எப்படிச் சோறு செரிக்கும்? நட."

சாமிப் படத்தின் கீழிருந்து சாவியை எடுத்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டார். சைக்கிளின் பின்னால் அவர் உட்கார, நான் மிதித்தேன். வழியெல்லாம், ரத்தம் என்று சொன்னால் எவனும் பயப்படுவானா மாட்டானா என்று திட்டிக்கொண்டே வந்தார். கொட்டகையில் அவசரப்படவில்லை. இலையை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தார். வாழைக்கன்றை அவிழ்த்தார். ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி, மூன்று சுற்று சுற்றி, "கோவிச்சுக்காத" என்று ஜெனரேட்டரிடம் சொன்னார். மாலையைக் கழற்றவில்லை. சாவியைத் திருப்பினார். அது ஒரு தரம் இருமிவிட்டுக் கிளம்பியது. செவ்வந்தி இதழ்களும் சிந்தியிருந்த பொரியும் எங்கள் மேல் பறந்தன.

லேபுக்கு ஓடினேன். உள் அறை வெந்துகொண்டிருந்தது. யு.பி.எஸ். விடாமல் ஒரே ஊளையாக ஊளையிட்டு, ஜெனரேட்டர் கரண்ட் வந்ததும் அப்போதுதான் ஓய்ந்தது. திரையைப் பார்த்தேன். எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஏசி குளிர ஆரம்பிக்கும் வரை கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். என் சட்டையிலிருந்து பொரி ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது.

சாயங்காலம் அந்தப் பெண் போன் செய்தார். பின்னால் காற்றும், யாரோ கூப்பிடுகிற சத்தமும் கேட்டன.

"கரண்ட் போச்சு" என்றேன்.

அவர் கேட்பதற்குள் நானே சேர்த்துச் சொன்னேன்.

"இப்ப ஓடுது. நிக்கல."

"நிக்கலையா?"

"நிக்கல."

"சரிண்ணே" என்றார். மறுபடியும் "சரிண்ணே" என்றார். வைத்துவிட்டார்.

விடுமுறை முடிந்து முதல் பஸ்ஸில் வந்தார். அதன் பிறகும் பல நாள் ஓடியது. நடுவில் ஒரு தரம் கூட வெடிக்கவில்லை. அவர் அந்த அறைக்கு வெளியிலேயே உட்கார்ந்து புத்தகத்தின் மற்றப் பக்கங்களை எழுதிக்கொண்டிருந்தார். நான் ஏசியைப் பார்த்தேன். ஆபரேட்டர் தினமும் ஒரு தரம் எட்டிப் பார்த்து, "ரத்தம் எப்படி இருக்கு? மூச்சு வருதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு மதியம் அந்தப் பெண் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். திரையில் ஒரு கோடு மேலேறி, இறங்கி, சின்னதாக இன்னொரு தரம் எம்பி அடங்கியிருந்தது.

"எத்தனை கோடு தெரியுதுண்ணே?"

"ஒண்ணு."

"ரெண்டு இருக்கு. பச்சை முந்தின துடிப்பு. சிவப்பு இன்னைக்கு முடிஞ்சது."

நான் குனிந்து பார்த்தேன். ஒன்றுதான் தெரிந்தது. அவர் ஒரு இடத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். திரை முழுவதும் அந்தக் கோட்டின் ஒரு துணுக்கு மட்டும் நின்றபோது, சிவப்புக்குக் கீழே மயிரிழை அளவு பச்சை தெரிந்தது.

"இது போதுமா?"

"போதும்."

மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. அவர் எழுதி வைக்க வேண்டியதையெல்லாம் எழுதி வைத்தார், இந்தத் தடவை இழுவிசையையும் சேர்த்து. இரண்டு தரம் சரிபார்த்தார். பிறகு அவரே ஓட்டத்தை நிறுத்தினார். ஏறிக்கொண்டிருந்த எண்கள் நின்றன. பீரோவுக்குள் விசிறிகள் ஒவ்வொன்றாகச் சத்தம் குறைந்தன. அவர் திரையைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"குளிருதுண்ணே" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "ஏசிய அணைச்சிடுங்க."

அணைத்தேன்.